திட்டினாலும் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

துணை விமானியாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நெரிசலான விமான நிலையங்களில், தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலர்கள் பேசும் விதம் மனதைச் சோர வைக்கிறது. வணக்கம் சொன்னால் பதில் இல்லை. ஒரு எண்ணைத் திரும்பக் கேட்டால் எரிச்சல். போன வாரம், ஓடுபாதைக்கு ஐந்து மைல் இருக்கும் வரை 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகத்தில் வரச் சொன்னார்கள். பின்காற்று அதிகம், இது சரிவராது என்று கேப்டன் முணுமுணுத்தார். கண்ட்ரோலர் ஏற்கெனவே சூடாக இருந்ததால் நான் அப்படியே ஒப்புக்கொண்டேன். கடைசியில் வேகம் குறையாமல், இறங்காமலே மறுபடி மேலேறி, கோ-அரவுண்ட் செய்தோம். அதற்கும் திட்டு. இவர்களுடன் நல்லுறவை எப்படி வளர்ப்பது? விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் டீகேஸ் கருவி ஒன்று சொல்லி, கண்ட்ரோலர் வேறொன்று சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? நீங்கள் கண்ட்ரோலர் நாற்காலியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டீகேஸ் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கருவி ஏறு என்றால் ஏறுங்கள், கண்ட்ரோலர் என்ன சொன்னாலும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஒரு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. இன்னொன்று, கருவி ஏறச் சொல்லியும், கண்ட்ரோலர் சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். இதில் விவாதிக்க எதுவுமில்லை.

வணக்கத்துக்குப் பதில் வராததற்கெல்லாம் வருந்தாதீர்கள். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கேட்பது வெறும் கீச்சொலி. நெரிசல் நேரத்தில் அங்கே நலம் விசாரிக்க இடமில்லை. உங்களைத் திட்டியது தப்புதான். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சரி, அது அவர்கள் பாடு.

நான் பதில் எழுத உட்கார்ந்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்காக. கேப்டன் சரிவராது என்கிறார், நீங்கள் ரேடியோவில் சரி என்கிறீர்கள். தம்பி, என்ன காரியம் செய்தீர்கள்!

180 நாட் வேகத்தில் மூன்று மைல் என்பது சரியாக ஒரு நிமிடம். இறங்கும் வரிசையில் உங்களுக்கும் அடுத்தவருக்கும் நடுவே பல நேரம் அவ்வளவுதான் இடைவெளி. நீங்கள் ஒப்புக்கொண்ட அந்த நொடியில் கண்ட்ரோலர் உங்களை மனதில் முடித்துவிட்டு, உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் கணக்குக்குப் போய்விடுவார். பதினைந்து மைலில் முடியாது என்று சொல்லியிருந்தால், பின்னால் வருகிறவரை இருபது நாட் குறைக்கச் சொல்லியிருப்பார், கதை முடிந்திருக்கும். ஓடுபாதைக்குக் கிட்டே வந்த பிறகு அவரிடம் மிச்சமிருப்பது உங்களை மறுபடி மேலே அனுப்புவது மட்டும்தான். கோ-அரவுண்ட் செய்தது சரியான முடிவு, அதற்காக ஒருபோதும் கூசாதீர்கள். ஆனால் அதற்கான தேவை ஐந்து நிமிடம் முன்பே, உங்கள் வாயிலிருந்து உண்டானது.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானத்தைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். எரிபொருள் தீர்ந்து விழுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அதை ஒரே வரியில் விட முடிவதில்லை. மோசமான வானிலை. வழியில் மூன்று இடங்களில், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல், அவர்களை வட்டமடிக்க வைத்தார்கள். முன்னுரிமை வேண்டும், இன்னும் ஐந்து நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று துணை விமானி சொன்னார். அது அடுத்த கண்ட்ரோலரிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலேறிய பிறகு, நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல் என்கிறார் கேப்டன். துணை விமானியோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை வேறு பேச்சின் வாலில் சேர்த்துச் சொல்கிறார். சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்கிறார். சொல்லிவிட்டேன் சார் என்கிறார். பிறகு கண்ட்ரோலரே கேட்கிறார்: பதினைந்து மைல் வெளியே கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா? சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போகிறது.

மிக்க நன்றி! படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்தில் தீ கூடப் பிடிக்கவில்லை, எரிய எதுவும் மிச்சமில்லை. விசாரணை அறிக்கை, விமானங்களை நெரிசலில் நிறுத்திவைத்த முறையையும் குறை சொன்னது, அது நியாயம்தான். ஆனாலும் நடுவில் இருந்த அந்தத் துணை விமானி கேப்டனின் பேச்சில் இருந்த சூட்டை ஆற்றி ஆற்றித்தான் வெளியே அனுப்பினார். நீங்களும் போன வாரம் அதைத்தான் செய்தீர்கள். உங்களுக்கு அன்று எரிபொருள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு இடிமழை மாலை நினைவுக்கு வருகிறது. வானத்தில் அடுக்கடுக்காக விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு இளங்குரல், தாமதம் இன்னும் எவ்வளவு என்று கேட்டது. சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி கேட்டது. மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு உறைத்தது, இவர் கேட்பது நேரத்தை அல்ல. உங்கள் எரிபொருள் எத்தனை நிமிடம் என்று நேராகக் கேட்டேன். கொஞ்சம் மௌனம். அப்புறம் 'மினிமம் ஃப்யூயல்' என்றார். அதை அறிவித்தால் முன்னுரிமை கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இனியொரு தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை மட்டுமே. கடைசி முப்பது நிமிட இருப்பில் கைவைக்க வேண்டிவரும் என்று தெரிந்தால் 'மேடே ஃப்யூயல்'. அதைச் சொன்னால் நாங்கள் எல்லாரையும் விலக்கி வழி விடுவோம். இரண்டுமே நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியவை. ரேடாரில் உங்கள் உயரம் தெரியும், வேகம் தெரியும், எரிபொருள் தெரியாது.

அதே மாலை இன்னொரு கேப்டன், பத்து நிமிடம் காத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு விமான நிலையம் போகிறேன் என்று அறிவித்தார். ஒரு நொடி கோபம் வந்தது, பொய் சொல்வானேன். அடுத்த நொடி நிம்மதி. பத்து நிமிடம் என்பது நான் கணக்குப் போடக்கூடிய எண்.

2009 ஜனவரியில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது அல்லவா? அந்தப் பரபரப்பில் விமானியும் கண்ட்ரோலரும் அழைப்பு எண்ணைக்கூடத் தப்பாகச் சொன்னார்கள். கண்ட்ரோலர் ஓர் ஓடுபாதையைத் தருகிறார்; 'அனேபிள்', அதாவது இயலாது, என்று பதில். பக்கத்து விமான நிலையத்தைத் தருகிறார், முடியாது. ஆற்றில் இறங்கப் போகிறோம் என்கிறார் விமானி. கண்ட்ரோலர் ஏன் என்று ஒரு முறை கூடக் கேட்கவில்லை. 155 பேரும் பிழைத்தார்கள்.

நல்லுறவு பற்றித்தானே கேட்டீர்கள். உங்கள் ஊரில் அனுமதி வாங்க முடிந்தால், ஒரு மாலை கண்ட்ரோல் அறையில் போய் உட்காருங்கள். எந்த விமானியைப் பற்றி அங்கே நல்லவிதமாகப் பேசுகிறார்கள் என்று காது கொடுங்கள். அதற்குள் கேப்டன் மறுபடி சரிவராது என்று முணுமுணுத்தால், அதை அப்படியே ரேடியோவில் சொல்லிவிட்டு, என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். திட்டினார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.