வாசலில் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு…

கேள்வி: எங்களுடையது திருப்பூரில் 140 பேர் வேலை செய்யும் பனியன் ஏற்றுமதி நிறுவனம். வருகைப் பதிவு, ஓ.டி. கணக்கு, விடுப்பு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே செயலிக்கு மாற்ற முதலாளி முடிவு செய்து, அதைத் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். செயலியை விற்றவர்கள் வந்து ஒரு மணி நேரம் திரையில் காட்டி விளக்கினார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 30 பேர்கூடப் பயன்படுத்தவில்லை. தீபாவளிக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்கிறார் முதலாளி. என்ன செய்வது?

– மனிதவள அலுவலர், திருப்பூர்

பதில்: தைக்கும் இடத்துக்குள் கைபேசி கொண்டுசெல்ல உங்கள் நிறுவனத்தில் அனுமதி உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. பல கம்பெனிகளில் காலை எட்டரைக்கு வாட்ச்மேன் வாசலிலேயே அதை வாங்கி வைத்துவிடுவார். அப்படியிருக்க, வருகையைக் கைபேசியில் பதியுங்கள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் கணவரிடம் என்ற நிலையில் இருக்கும் பெண்கள், பட்டன் போன் வைத்திருக்கும் வயதானவர்கள், ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் சிம் மாற்றிவிட்டு ஓ.டி.பி. வராமல் நிற்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் ஆகியோரைக் கழித்துப் பார்த்தால், அந்த 30 என்ற எண்ணிக்கை அப்படியொன்றும் வியப்பானதல்ல. ஆகவே வருகைப் பதிவுக்கு நிறுவனச் செலவிலேயே வாசலில் ஒரு டேப்லெட்டை வைத்துவிடுங்கள். சொந்தக் கைபேசியில் செயலி வேண்டுமா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

ஆனால் உண்மையான தயக்கம் கருவியில் இல்லை, கூலிக் கணக்கில் இருக்கிறது. செக்கிங் பிரிவில் வேலை செய்த ஒரு பெண்மணியின் சிறு நோட்டை ஒருமுறை பார்த்தேன். ஒரு பக்கம் பால் கணக்கு. மறுபக்கம் ‘செவ்வாய் 1½, புதன் 1, வியாழன் 1½’ என்று அந்த வாரத்து ஷிப்ட் கணக்கு. சனிக்கிழமை கவரில் வந்த தொகையை அதன் கீழே எழுதி, குறைந்த 90 ரூபாயை வட்டமிட்டு வைத்திருந்தார். தொழிலாளர்கள் நம்புவது இந்த நோட்டைத்தான். உங்கள் செயலி அதே வரிசையில், அதே ஷிப்ட் மொழியில், அன்றன்றைக்குரிய கணக்கை அன்று மாலையே காட்டினால் தானாகத் திறந்து பார்ப்பார்கள். ‘மொத்த வேலை நேரம் 61.5’ என்று மட்டும் காட்டினால் யாரும் சீண்டமாட்டார்கள்.

எனவே முதல் நான்கு கூலி வாரங்களுக்குப் பழைய பதிவேட்டையும் செயலியையும் சேர்த்தே நடத்துங்கள். இரண்டும் முரண்பட்டால் பதிவேட்டின்படியே பணம் கிடைக்கும் என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்த்த நிறுவனங்கள் பிறகு பட்டபாடு எனக்குத் தெரியும். விளக்கக் கூட்டத்தை விட, ஓவர்லாக், பேக்கிங், அயர்னிங் எனப் பிரிவுக்கு ஒருவரைத் தேர்ந்து, சூப்பர்வைசராக இல்லாதவராகப் பார்த்து, அவருக்கு முதலில் பழக்குவதே பயன் தரும். ஒடியா, இந்தி பேசுவோருக்கு அவர்களில் ஒருவரே சொல்லித்தர வேண்டும்.

செயலி கேட்கும் இருப்பிட (லொகேஷன்) அனுமதியைக் கட்டாயம் கவனியுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் கைபேசி எங்கிருக்கிறது என்று பார்க்கும் செயலியை எவரும் வேவு என்றே கொள்வர், அது தவறுமல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், என்ன தகவல் எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது.

கட்டாயத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நூறு நாள் வேலைத்திட்டமே சாட்சி. 2021-இல் அறிமுகமாகிப் பின்னர் கட்டாயமாக்கப்பட்ட வருகைப்பதிவுச் செயலியில் நாளுக்கு இருமுறை படம் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் இல்லாத இடங்களில் உண்மையாகவே மண் வெட்டியவர்கள் கூலிக்காக அலைந்தார்கள். இன்னொரு பக்கம், படத்தையே படமெடுத்து ஏற்றும் முறைகேடு நடப்பதை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

தீபாவளிக் கெடுவை மட்டும் முதலாளியிடம் பேசி மாற்றுங்கள். போனஸ் பேச்சு நடக்கும் நேரத்தில் புதிய கணக்குமுறை வந்தால், போனஸைக் குறைக்கத்தான் இது என்ற பேச்சு ஒரே ஷிப்டில் கம்பெனி முழுக்கப் பரவிவிடும். ஊருக்குப் போனவர்கள் திரும்பிவந்த பிறகு, ஒரு திங்கட்கிழமையில் தொடங்குங்கள்.

கேள்வி: நான் டெய்லர். செயலியில் போன வாரம் என் ஓ.டி. இரண்டு மணி நேரம் குறைவாக இருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டால், ‘சிஸ்டம் காட்டுவதுதான் கணக்கு’ என்கிறார். சரிதானா?

– வாசகி, அவிநாசி

பதில்: சரியல்ல. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் விதி. நீங்கள் வேலை செய்த நேரத்துக்குத்தான் கூலியே தவிர, செயலி பதிந்த நேரத்துக்கு அல்ல. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பக்கத்து மெஷினில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, செயலித் திரையின் படத்தோடு மனிதவளப் பிரிவில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமைக் கூலியிலும் அது சேரவில்லை என்றால், அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.