அழாமல் சொல்கிறாளாம்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் தங்கியிருக்கும் அண்ணியின் உறவுக்காரர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாகப் பன்னிரண்டு நாளுக்கு முன்பு என்னிடம் சொன்னாள். அண்ணி இடிந்துபோய்விட்டார். ஆயா, சின்னம்மா, தமிழ் வகுப்பு ஆசிரியை, கோயில் மாதர் சங்கத்தினர், கோயில் பெரியவர் எல்லோரும் வந்து குழந்தையிடம் விசாரித்து ஆறுதல் சொன்னார்கள். இப்போது அவள் அழாமல் சொல்கிறாள். தைப்பூசக் காவடி முடிந்ததும் கோயிலில் உட்கார்ந்து பேசலாம் என்கிறார் பெரியவர். அதுவரை குழந்தையைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சின்னம்மா வீட்டில் விடலாமா? எல்லோரும் சேர்ந்து அவளுக்கு எப்படித் துணை நிற்பது?
- ஓர் அத்தை, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: "இப்போது அவள் அழாமல் சொல்கிறாள்." குழந்தை தேறி வருகிறாள் என்று நினைத்துப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்பது வயதுக் குழந்தை இதை அழாமல் சொல்ல வேண்டுமென்றால் எத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டும்? உங்கள் கடிதத்தை வைத்தே எண்ணினேன். முதலில் உங்களிடம். அப்புறம் அம்மாவிடம், ஆயாவிடம், சின்னம்மாவிடம், ஆசிரியையிடம், பெரியவரிடம். மாதர் சங்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே தடவை என்று வைத்துக்கொண்டாலும் ஏழு. எல்லோரும் பாசத்தோடு மடியில் இருத்தித்தான் கேட்டிருப்பார்கள். அவளோ வகுப்பில் தேவாரம் ஒப்பிப்பதுபோல் இதையும் ஒப்பிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஏழு பேர் கேட்டீர்கள். ஒருவர்கூடப் போலீசுக்குப் போகவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்த எவரும் உடனே போலீசில் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம். சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. ஆசிரியைக்கும் கோயில் பெரியவருக்கும் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் தனியாகவே அந்தக் கடமையை வைத்திருக்கிறது. காவடி முடியட்டும் என்று அதில் எங்கும் இல்லை. பாகப் பிரிவினையைக் கோயிலில் உட்கார்ந்து பேசுங்கள். இதைப் பேச அந்தப் பெரியவருக்கு எந்த உரிமையும் கிடையாது. முருகன் பேரைச் சொல்லித் தள்ளிப்போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பன்னிரண்டு நாளை நீங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லியே கழித்துவிட்டீர்கள். அதற்காக இனி போய் என்ன பயன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே ஆர்.கே. கான் மருத்துவமனையில் துத்துசேலா மையம் இருக்கிறது. கோசா மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்றே பொருள். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் வாக்குமூலம், மனநல ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் நடக்கட்டும், குழந்தை வாசல் வாசலாக ஏறி ஒரே கதையைச் சொல்லித் திரிய வேண்டாம் என்றுதான் அப்படி மையங்களை வைத்தார்கள். நீங்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஏழு வாசலைக் கட்டிவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் குழந்தையும் ஆளுக்குக் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேச்சு வேண்டாம். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, அந்த ஆள் அவுட்பில்டிங்கில் காலை நீட்டிப் படுத்திருப்பாரா? தப்பு செய்தது தான்தான் என்று குழந்தை நினைக்காதா? குழந்தையின் நலனுக்கு அதுதான் நல்லது என்று தெரிந்தால், அவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுக்கப் போலீசுக்குக் குழந்தைகள் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஒரு நிமிஷம்கூட அவர் அவள் பக்கத்தில் வரக்கூடாது. அண்ணிக்குத் தன் உறவை இழப்பது வலிக்கும். அந்த வலியைத் தாய்தான் தாங்க வேண்டும், மகள் தலையில் இறக்கக் கூடாது.

எல்லோரும் சேர்ந்து எப்படித் துணை நிற்பது என்று கேட்டீர்கள். சரி, கேட்டவர்கள் இனி கேட்கக் கூடாது. அவள் தானாக வந்து சொன்னால் காது கொடுங்கள், மேலே கேள்வி போடாதீர்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் அவள் சொன்னதை, அவள் சொன்ன அதே வார்த்தையில், இன்றே எழுதி வைத்துப் போலீசில் வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். முதலில் கேட்டவர் நீங்கள், அதனால் உங்களுடையது முக்கியம். மாதர் சங்கத்தார் சமைத்துக் கொண்டுவரட்டும், மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் கார் ஏற்பாடு செய்யட்டும், அண்ணியைத் தனியாக விடாமல் இருக்கட்டும். ஆசிரியை மற்றப் பெற்றோரிடம் மூச்சு விடக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தடுமாறினால் குழந்தைகளுக்கு உதவும் அமைப்பான சைல்ட்லைனை 116 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

துத்துசேலாவுக்கு அவளோடு நீங்கள் போங்கள். அவள் தேர்ந்தெடுத்தது உங்களைத்தானே. இதுதான் கடைசித் தடவை என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கோர்ட்டிலும் சொல்ல வேண்டி வரலாம். அங்கே தனி அறையில், நடுவில் ஒருவர் இருந்து கேள்விகளைக் குழந்தைக்குப் புரியும்படி கேட்க ஏற்பாடு உண்டு, அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்காது. இதைக் காரில் போகும்போதே அவளிடம் சொல்லுங்கள். அழ வேண்டும்போல் இருந்தால் அழலாம் என்றும் சொல்லுங்கள்.