டிபி மாத்திரையோடு கொரோனாவும் வந்தால்? – கேள்வி பதில்

ஊரில் நாலு பேர் இருமத் தொடங்கினால் போதும், "டாக்டர், நான் டிபி மருந்தில் இருக்கிறேன், எனக்குக் கொரோனா வந்தால்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். மொத்தமாகக் கேளுங்கள், மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன் என்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் நெஞ்சக நோய் மருத்துவர். 2020, 2021 இரண்டு வருடமும் டிபி வார்டுக்கும் கொரோனா வார்டுக்கும் மாறி மாறி ஓடியவள். ஆனாலும் எக்ஸ்ரே பார்க்காமல், நெஞ்சில் ஸ்டெத் வைக்காமல் சொல்லும் பதில் இது. அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் டிபி மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம். நேற்று கொரோனா பாசிட்டிவ். இரண்டு மருந்தும் சேர்ந்தால் உடம்பு சூடாகிவிடும், கொரோனா போகிற வரை டிபி மாத்திரையை நிறுத்து என்கிறார் மாமியார். நிறுத்தலாமா? – கலைச்செல்வி, கரூர்

வேண்டாம். ஒரு வேளைகூட விட வேண்டாம்.

மாமியாரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் 'சூடு' என்கிறார்கள். அது மருந்தின் சாயம், அவ்வளவுதான். டிபி கிருமி சோம்பேறிக் கிருமி, மெதுவாகப் பெருகும், சில கிருமிகள் அசையாமல் ஒளிந்தும் கிடக்கும். அதனால்தான் ஆறு மாதம் துரத்துகிறோம். நடுவில் விட்டால் மிச்சமிருப்பவை மறுபடி தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே மசியாத கிருமியாக மாறவும் வழி உண்டு. கொரோனா பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். டிபி அப்படி அடங்காது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் சொன்ன அளவுக்கு மேல் போகாதீர்கள். டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட் ஏற்கெனவே கல்லீரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்போது டாக்டரே சில நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம், அது வேறு கதை. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் காலை மாலை பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், கையில் இன்னும் எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். தீர்ந்துபோனால் அவர் வர வேண்டியதில்லை, நீங்கள் போய் வாங்கலாம். டிபி சுகாதாரப் பணியாளருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவைப்பது நல்லது.

டிபி இருப்பவருக்குக் கொரோனா வந்தால் உயிருக்கு ஆபத்து என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? – சரவணன், ஓசூர்

பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 2020-இல் அரசு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கொரோனா பாசிட்டிவ் ஆன இருபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், 625 பேர் இறந்திருந்தார்கள். வயது, சர்க்கரை, எச்ஐவி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அப்போது டிபி இருந்தவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய 2.7 மடங்கு. முன்பு டிபி வந்து போனவர்களுக்கு ஒன்றரை மடங்கு.

ஆனால் அது தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலம். மடங்கு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: இளவயதுக்காரருக்குச் சிறிய அபாயம் மூன்று மடங்கானாலும் அது இன்னும் சிறியதுதான். எழுபது வயது, கட்டுப்படாத சர்க்கரை, எலும்பும் தோலுமான உடம்பு, இவற்றோடு டிபியும் இருந்தால்தான் எனக்குக் கவலை.

பதினைந்து வருடம் முன்பு டிபி வந்து முழுக் கோர்ஸும் முடித்துவிட்டேன். இன்னும் படியேறினால் மூச்சு வாங்குகிறது. நானும் அந்தக் கணக்கில் வருவேனா? – ஜெயராஜ், தூத்துக்குடி

கிருமி போய்விட்டது, தழும்பு போகவில்லை. சிலருக்கு நுரையீரலில் நார் படிந்து சுருங்கியிருக்கும், சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும். அப்படிப்பட்ட நுரையீரலில் கொரோனா மட்டுமல்ல, சாதாரண ஃப்ளூ வந்தாலும் திணறும். மூச்சுத்திறன் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். கொரோனா நேரத்தில் பழைய டிபி தழும்பைப் புது நிமோனியா என்று நினைத்ததும் நடந்தது, புது டிபியைப் பழைய தழும்பு என்று விட்டதும் நடந்தது. பக்கத்தில் வைத்து ஒப்பிடப் பழைய படம் ஒன்று இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

இருமல் ஒரு மாதமாக இருக்கிறது. கொரோனா டெஸ்ட் நெகட்டிவ். அப்படியானால் பயமில்லைதானே? – விக்னேஷ், திருப்பூர்

தம்பி, நெகட்டிவ் என்றால் அந்த டெஸ்ட் தேடிய வைரஸ் அகப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு மாத இருமலுக்கு அது பதில் ஆகாது.

என்னைக் கேட்டால், டிபி நோயாளிகளைக் கொரோனா வைரஸ் தாக்கியதைவிட, கொரோனாவைப் பற்றிய பதற்றம் தாக்கியதுதான் அதிகம். இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சம் டிபி நோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் 18 லட்சம். நோய் குறைந்துவிட்டதா? இல்லை. ஊரடங்கில் பஸ் இல்லை. இருமினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்கள் எத்தனையோ பேர். டிபி ஊழியர்கள் கொரோனா வேலைக்குப் போனார்கள். டிபி பார்க்கும் சிபிநாட், ட்ரூநாட் மெஷின்களும் கொரோனா சோதனைக்குப் போயின. ட்ரூநாட் நம் கோவாவில் உருவானது, டிபிக்காகக் கொண்டுவந்த கருவி! உலகம் முழுக்க இதே கதைதான்: 2019-இல் 71 லட்சமாக இருந்த பதிவு அடுத்த வருடம் 58 லட்சமானது. பத்து வருடத்துக்கு மேலாகக் குறைந்துகொண்டே வந்த டிபி இறப்புகள் மறுபடி ஏறின.

2021 கடைசியில் என்னிடம் வந்த ஒருவர், மூன்று தடவை கொரோனா டெஸ்ட் எடுத்து மூன்றும் நெகட்டிவ் என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒருவர்கூட அவர் சளியை டிபிக்குப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் டிபியின் அடையாளமான குழி விழுந்திருந்தது.

கொரோனா சட்டென்று வரும்: காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, எல்லாம் சில நாளில். டிபி ஊர்ந்து வரும்: இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பில் பேன்ட் தளர்ந்துபோகும் அளவுக்கு எடைக் குறைவு, சிலருக்குச் சளியில் ரத்தம். உங்களுக்கு இதில் எது இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருமல் மட்டும்தான் என்றாலும், நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள், இலவசம்தான். அதற்குள் மருந்துக் கடையில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அது டிபியைப் பாதி அமுக்கிவைத்துப் பரிசோதனையையும் குழப்பிவிடும்.

அப்பாவுக்கு 2021-இல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில மாதத்தில் டிபி வந்தது. ஸ்டீராய்டால்தானா? – பெயர் வேண்டாம், சேலம்

ஒருவர் விஷயத்தில் 'இதனால்தான்' என்று அடித்துச் சொல்ல முடியாது. நம் நாட்டில் ஏராளமானோர் உடம்பில் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் அது விழிக்கும். ஸ்டீராய்டு தளர்த்தும், ஏறிப்போன சர்க்கரையும் தளர்த்தும். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் என்பது உயிர் காத்த சிகிச்சை. அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆக்சிஜன் 98 இருந்தவருக்கும் வாட்ஸ்அப் சீட்டைப் பார்த்து வாரக்கணக்கில் கொடுத்ததைத்தான் தப்பு என்கிறேன். கொரோனாவால் டிபி பெருகிவிட்டது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2021 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, கொரோனா நோயாளிகளை டிபிக்கும் டிபி நோயாளிகளைக் கொரோனாவுக்கும் பாருங்கள் என்று வழிகாட்டியும் விட்டிருந்தது. அப்பா இப்போது மருந்தில் இருக்கிறாரா? சர்க்கரையைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் வேலை. டிபி மருந்து சாப்பிடுகிறேன். கொரோனா வந்தால் பாக்ஸ்லோவிட் கேட்டு வாங்கலாமா? – முத்துக்குமார்

கூடாது. ரிஃபாம்பிசின் கல்லீரலில் இருக்கும் நொதிகளை முடுக்கிவிடும். கொரோனா மாத்திரையான பாக்ஸ்லோவிட் வேலை செய்வதற்குள் அதைக் கரைத்து வெளியே அனுப்பிவிடும். 'அப்போ ஐந்து நாள் ரிஃபாம்பிசினை விட்டுவிடுகிறேன்' என்று கணக்குப் போடாதீர்கள், முடுக்கிய நொதி அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். டெக்ஸாமெத்தசோனின் வீரியத்தையும் ரிஃபாம்பிசின் குறைக்கும். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 'டிபி மருந்து சாப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள்.

தங்கைக்கு எம்டிஆர் டிபி, பெடாக்குவிலின் சாப்பிடுகிறாள். இதில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? – ஷகிலா, வேலூர்

இதயத் துடிப்பு. எம்டிஆர் என்றால் முக்கிய மருந்துகளுக்கு மசியாத டிபி. அதற்குக் கொடுக்கும் பெடாக்குவிலின், மாக்ஸிஃப்ளாக்சசின், க்ளோஃபாசிமின் மூன்றுமே ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மறுபடி தயாராகும் நேரத்தை, நீட்டக்கூடியவை. அதன்மேல் அசித்ரோமைசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். கொரோனாவுக்கு அவை இரண்டும் பயன்படவில்லை என்று எப்போதோ தெரிந்துவிட்டது, ஆனாலும் இருமல் என்றதும் அசித்ரோமைசின் நீட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மயக்கம், படபடப்பு வந்தால் உடனே ஈசிஜி.

சின்ன வயதில் பிசிஜி போட்ட தழும்பு இருக்கிறது. அது கொரோனாவைத் தடுக்குமாமே? – பரமசிவம், நாங்குநேரி

பிசிஜி டிபிக்கான தடுப்பூசி. அது கொரோனாவையும் தடுக்கும் என்று 2020-இல் எல்லோரும் ஆசைப்பட்டோம். கிட்டத்தட்ட 4000 சுகாதாரப் பணியாளர்களுக்குப் பல நாடுகளில் பிசிஜி போட்டும் போடாமலும் பார்த்தார்கள், 2023-இல் முடிவு வந்தது: தடுக்கவில்லை. பெரியவர்களின் நுரையீரல் டிபியையே அது தடுக்கவில்லை என்று நம் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டிவிட்டது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் டிபி வராமல் காப்பதில் பிசிஜி கெட்டிக்காரன், அதற்காகப் போடுகிறோம். கொரோனா தடுப்பூசியை டிபி நோயாளிகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

மருமகளுக்கு டிபி. கபசுரக் குடிநீர் கொடுக்கிறோம், தட்டு டம்ளர் தனி, சானிடைசர் போட்டுத் துடைக்கிறோம். அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? – ஒரு மாமியார், புதுக்கோட்டை

அம்மா, தட்டில் டிபி பரவாது, காற்றில்தான் பரவும். சானிடைசர் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் அவர் மாஸ்க் போடட்டும். அது கொரோனாவுக்கும் சேர்த்துத்தான். குடிநீர் கொடுப்பதைத் தடுக்கவில்லை, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

அனுப்ப வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், பாதிப் பேருக்குச் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையிலும் பாதிப் பேருக்கு நெருக்கடியான வீடுகளிலேயும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதும் ஏறக்குறைய சமம், வீட்டில் இருந்தவர்களுக்கு அதிகம் தொற்றவும் இல்லை. உலகமே சானடோரியங்களை மூடியது அதற்கப்புறம்தான். நோயாளி மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றியிருக்கும். அதனால் நீங்களும் பேரப்பிள்ளைகளும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

மருமகளுக்கு மாதம் 1000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500. வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் 1800-11-6666-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், கட்டணம் கிடையாது.