1930களின் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

யோசிக்கவே வேண்டாம். 1937இல் வந்த ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ பாருங்கள்.

நகைச்சுவை நடிகர் வில் ஹே இதில் எந்த வேலைக்கும் லாயக்கில்லாத ரயில்வே ஊழியர். மைத்துனர் அதே ரயில்வேயில் பெரிய புள்ளி. தொல்லை தாங்காமல், வட அயர்லாந்தில் பக்கிள்ஸ்கெல்லி என்ற பாழடைந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டராக அனுப்பிவைக்கிறார்கள். வந்து இறங்கியவர் டிக்கெட் ஜன்னலைத் தட்டுகிறார். ஜன்னல் திறக்கிறது. பல் போன கிழவர் ஒருவர் தலையை நீட்டி, “அடுத்த வண்டி போயாச்சு!” என்று கத்திவிட்டு டப்பென்று சாத்திவிடுகிறார். போன வண்டி போயாச்சு என்றால் சரி, அடுத்த வண்டி எப்படி ஐயா போகும்? நான் முதல் தடவை பார்த்தபோது அங்கேயே நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் பார்த்தேன்.

அந்தக் கிழவராக வரும் மூர் மேரியட்டுக்கு அப்போது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதுதான். கூட இருக்கும் குண்டுப் பையன் கிரஹாம் மாஃபட்டுக்கு இருபதுகூட ஆகவில்லை. ரயில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஊர்க்காரர்களிடம் சாப்பாட்டுச் சாமான் வாங்கிப் பிழைப்பை ஓட்டுகிற ஆட்கள் இவர்கள். புது மாஸ்டர் அதிகாரம் செய்யப் பார்க்கிறார், அவர்கள் அசைவதாக இல்லை. மூவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து அடிக்கும் வேகம்தான் படமே. ஆயுதக் கடத்தல் கதை ஒன்றும் உண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டேஷன் செட் இல்லை. ஹாம்ப்ஷயரில் பேசிங்ஸ்டோக் பக்கத்தில் இருந்த கிளிடெஸ்டன். 1932இலேயே பயணிகள் ரயில் நின்றுபோன இடம். படத்தில் வரும் ‘கிளாட்ஸ்டன்’ என்ற ஓட்டை எஞ்சினும் நிஜம்தான். 1899இல் செய்த ‘நார்த்தியம்’ என்ற எஞ்சினை இரவல் வாங்கி, உயரமான புகைபோக்கி மாட்டி நடிக்கவிட்டார்கள். 1941இல் அதைப் பழைய இரும்பாக உடைத்தே விட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

திரையில் முட்டாளாக வரும் ஹே, வீட்டில் தொலைநோக்கியும் கையுமாக இருந்தவர். 1933 ஆகஸ்ட் 3 அன்று சனிக்கோளில் வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர்தான்!

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலப் படம் என்று கிடைத்ததையெல்லாம் பார்க்காதீர்கள். திரையரங்குகள் இவ்வளவு பங்கு பிரிட்டிஷ் படம் போட்டே ஆக வேண்டும் என்று 1927இல் சட்டம் வந்ததால், கணக்குக்காக அவசரமாக எடுத்துத் தள்ளியவை ஏராளம். இந்தப் படத்தையும் சப்டைட்டிலோடு பாருங்கள். கிழவர் பேசுவதில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.