சாவி வாங்கும் முன்பே விலகிவிட்டார்: அட்வான்ஸ் யாருக்கு?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டை ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகைக்குப் பேசி, 11 மாத ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். அட்வான்ஸ் 60,000 ரூபாய். பால் காய்ச்ச நாள் குறித்த பிறகு, புனேவுக்கு மாற்றலாகிவிட்டது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்கிறார். அவரை நம்பி வேறு இருவரைத் திருப்பி அனுப்பினேன், பெயிண்டும் அடித்தேன். அட்வான்ஸை வைத்துக்கொள்ளலாமா? 11 மாத வாடகையைக் கேட்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. அவர் விலகியதால் உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும்.

பதிவு செய்யாத 11 மாதக் குத்தகை, வீட்டை ஒப்படைத்த பிறகே முழுமை பெறும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-வது பிரிவு. சாவி கைமாறாததால் அவரிடம் 'வாடகை பாக்கி' என்று எதையும் கேட்க முடியாது. சொன்ன சொல்லை மீறியதற்கான இழப்பீடுதான் கேட்கலாம். அதற்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு துணை நிற்கும். ஆனால் நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியும் அங்கேயே எழும். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு மாதக் கணக்கை ஏற்றிக்கொண்டே போனால் வழக்கு நிற்காது.

எனவே இன்றே 'டூலெட்' பலகையை மாட்டுங்கள். திருப்பி அனுப்பிய இருவரையும் முதலில் அழையுங்கள். விளம்பரம், தரகரிடம் பேசிய செய்தி எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

குடிவருவதாகச் சொன்ன தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்து, அதே வாடகைக்கு வேறொருவர் வந்தால், நஷ்டம் 20,000 ரூபாய். புதியவருக்காக மறுபடி தரகு கொடுத்திருந்தால் ரசீதோடு சேர்க்கலாம். பெயிண்ட் செலவைச் சேர்க்காதீர்கள்; அது அடுத்து வருபவருக்கும் பயன்படும். விலகியவர் கேட்டதற்காக மட்டும் செய்த தனி வேலை என்றால் அது வேறு. ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு தந்து காலி செய்யலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பது வீண்.

'விலகினால் அட்வான்ஸ் முழுவதும் போய்விடும்' என்று எழுதியிருந்தாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு அந்தத் தொகையை உச்சவரம்பாக மட்டுமே பார்க்கிறது. டெல்லி பங்களா விற்பனை வழக்கொன்றில், வாங்கிய 25,000 ரூபாயில் 24,000-ஐப் பறிமுதல் செய்ய உச்ச நீதிமன்றம் 1963-இல் அனுமதிக்கவில்லை.

கணக்கு முடிந்ததும் ஒரு தாளில் 'ஒப்பந்தம் ரத்து. பிடித்தது இவ்வளவு, திருப்பியது இவ்வளவு. இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அவர் ஏற்க மறுத்தால், கணக்கைப் பதிவுத் தபாலில் அனுப்பி, மீதியை உடனே கொடுத்துவிடுங்கள். முழுத் தொகையையும் பிடித்து வைத்தால், வழக்கென்று வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.