உணவுக்குப் பின் எடுத்த இரத்தம் பால்போல் இருந்தது குறித்து

வணக்கம். சிற்றுண்டிக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின் எடுத்த இரத்தத்தின் தெளிநீர் பால்போல் கலங்கியிருந்தது என்றும், டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 460 மி.கி./டெ.லி. என்று வந்த அறிக்கையில் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்டிரால்) அளவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. கொழுப்பு நீரில் கரையாது என்பதால், குடல் அதைப் புரதம் போர்த்திய கைலோமைக்ரான் என்னும் நுண்துகள்களாக்கி, நிணநீர்க் குழாய் வழியே கழுத்தின் இடப்புற அடியிலுள்ள சிரையில் சேர்க்கிறது. அத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெண்மை. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் இருக்கும் நொதி அவற்றைச் சிதைத்துவிடுவதால், 12 மணி நேரம் உண்ணாதிருந்தால் பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். எல்டிஎல்லைப் பல ஆய்வகங்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல் என்னும் ‘நல்ல’ கொலஸ்டிராலையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தே கணக்கிடுகின்றன. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அக்கணக்குப் பொருந்தாது; அதனால்தான் உங்கள் அறிக்கையில் எல்டிஎல் இல்லை. வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதியுங்கள். அப்போதும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம், ஏனெனில் மிகையான டிரைகிளிசரைடு கணைய அழற்சியை உண்டாக்கக்கூடும்.