கையைத் தூக்கியவர்கள் பதினொரு பேர்

கேள்வி: மீன் பிடிப்பவர்கள், கருவாட்டு வியாபாரிகள் என எங்கள் ஊர் ஆட்கள் 430 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். பழைய எஞ்சின், வலை விற்பது வாங்குவது எல்லாம் அதில்தான். பணத்தகராறு வந்து தினமும் சண்டை. பேசித் தீர்க்க மூன்று பேரைப் போடலாம் என்றேன். பதினொரு பேர் 'நான் வருகிறேன்' என்கிறார்கள். குழுவிலேயே ஓட்டு வைத்துவிடவா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது சாதாரணமாகப் பெயரோடு தெரிந்துவிடும். சின்ன மாமனார் நிற்கிறார் என்றால் மருமகள் யாருக்குப் போடுவாள்? ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களின் சண்டையைத் தீர்க்க 2004 முதல் ஒரு நடுவர் குழு இருக்கிறது. சம்பளமில்லாத வேலை, வருடா வருடம் தேர்தல். அங்கேயும் ஓட்டு ரகசியம்தான்.

யாரைப் போடலாம் என்பதை அப்புறம் பார்க்கலாம். யாரைப் போடக்கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். உத்திரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டில் பெரும்பகுதி அதுதான். வாரியத்தில், அதாவது ஊர் வேலை பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. (நிலமும் சொந்த வீடும் இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

உறவு விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். மீன் ஏலக்கடையில் கணக்கு எழுதிய காலம். விசைப்படகுக்காரர்கள் வேண்டுமென்றே கத்தியால் வலையை அறுத்துவிட்டார்கள் என்று ஒரு நாட்டுப்படகுக்காரர் வந்தார். மணலில் விரித்துப் பார்த்தேன். கத்தி பட்டிருந்தால் நூலின் முனை ஒரே சீராக இருக்கும். இது பிசிர் பிசிராகத் தொங்கியது. இழுபட்டு அறுந்ததுதான், பாதி நஷ்டம் கொடுத்தால் போதும் என்றேன். சரியாகத்தான் சொன்னேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விசைப்படகு என் மச்சானுடையது. நூல் முனையை யார் பார்த்தார்கள்? ஆறு மாதம் அந்த நாட்டுப்படகுக்காரர் எங்கள் கடைப் பக்கமே மீன் கொண்டுவரவில்லை. 'இதில் நான் உட்காரக்கூடாது' என்று எழுந்திருக்க வேண்டும். அன்று அது தோன்றவில்லை.

அதனால் மூன்று பேர் போதாது, ஐந்து பேராகப் போடுங்கள். ஒருவர் உறவென்று விலகினாலும் வேலை நடக்கும். குழுவில் யாருக்காவது பாக்கி வைத்திருப்பவர், எஞ்சின் தரகு பார்ப்பவர் பெயர்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அட்மின் என்ற முறையில் நீங்களும் வேண்டாம், ஆளை நீக்கும் அதிகாரம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மிச்சமுள்ள பெயர்களைச் சீட்டெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லி, வீடியோ பிடித்துக் குழுவில் போடுங்கள். சீட்டு விழாதவருக்கு அவமானமில்லை. பதவி ஒரு வருடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், அப்போது ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பதினொரு பேரில் கருவாடு விற்கிற பெண்கள் எத்தனை பேர்? நீங்கள் எழுதவில்லை. அவர்களாகக் கையைத் தூக்க மாட்டார்கள். சீட்டு எழுதும் முன்பு நேரில் போய்க் கேளுங்கள்.